இரண்டு பேர் உட்காரும் கார்

குன்னூருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தை யாரோ வாங்கி ஓட்டலாக்கப் போவதாகச் சொல்லி பங்களாச் சாமான்களையெல்லாம் ஏலம் விட்டபோது, துரைமார் குடித்த கோப்பைகளும் துரைமார் படுத்த கட்டில்களும் துரைமார் சுட்டதாகச் சொல்லிக்கொண்ட புலியின் தலையும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்த பிறகு, கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த சிவப்புக் காரை வேதமுத்துவின் மகள் பொற்கொடி வாங்கினாள் என்பதையும், அதைத் தானே பழுதுபார்த்துத் துடைத்து மினுக்கித் தன் தகப்பனை அதில் உட்காரவைத்து அருப்புக்கோட்டைக்குத் தெற்கே ஓடைக்கரிசல்பட்டி என்கிற சொந்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனாள் என்பதையும், கூடவே போனவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கார் இங்கிலாந்தில் செய்தது. கூரை கிடையாது, மூக்கு நீளம், தரையை நக்குகிற மாதிரித் தாழ்வு, இருப்பது இரண்டே இருக்கை. தனக்கும் தன் பக்கத்தில் இருப்பவளுக்கும் மேல் உலகத்தில் வேறு ஆள் தேவையில்லை என்று நினைப்பவனுக்காகச் செய்த வண்டி. ஆனாலும் அழகு. முதலாளி வீட்டுச் சாமான் என்பதற்காக அந்த அழகை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்தத் தகரத்தைத் தட்டித் தட்டி அப்படி வளைத்தவன் ஒரு தொழிலாளி, அவன் பெயரை அந்த வண்டியில் எங்கேயும் எழுதவில்லை என்பதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வேதமுத்து அந்தக் காரின் ஓட்டுநராக இருந்தவன். அப்போதைய மேனேஜர் தோலில் எங்களைவிடக் கறுப்பு, ஆனால் துரை என்றுதான் கூப்பிட வேண்டும். வருஷா வருஷம் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வேதமுத்துவை அழைத்துக்கொண்டு துரை ஓடைக்கரிசல்பட்டிக்கு வருவார். ஊருக்குள் நுழைகிற இடத்தில் மந்தை, மந்தையிலிருந்து பெரிய தெரு, பெரிய தெரு முடிகிற இடத்தில் எங்கள் காலனி. காலனிக்காரன் சைக்கிளில் வந்தாலும் மாட்டுவண்டியில் வந்தாலும் மந்தையில் இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரு முடியும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கார் என்றால் மட்டும் வேறு சட்டமா? துரை உள்ளே உட்கார்ந்து ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வார், வேதமுத்து பின்னால் நின்று தள்ளுவான். மந்தையில் காத்திருந்த அவனுடைய மனைவி கைக்குழந்தையோடு பக்கத்தில் நடந்து வருவாள். அந்தக் கைக்குழந்தைதான் பொற்கொடி.

நானும் என் சங்கமும் அந்தத் தெருவுக்காகச் செய்தது கொஞ்சமல்ல. துண்டறிக்கை போட்டோம், மனு கொடுத்தோம், மறியல் செய்தோம், ஜெயிலில் களி தின்றோம். போலீஸ் பாதுகாப்போடு ஊர்வலம் போகும், செருப்புக் காலோடு நடப்போம், பத்திரிகைக்காரன் போட்டோ எடுப்பான், மறுநாள் காலையில் காலனிக்காரன் மந்தையில் சைக்கிளைவிட்டு இறங்குவான். தெருவை வென்றதாக மாநாட்டில் தீர்மானம் போட்ட தலைவர்கள் பிறகு மந்திரிகளுக்குப் பக்கத்தில் நாற்காலி கிடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் நின்றுகொண்டே இருக்கிறேன்.

பொற்கொடிக்குக் கோஷமெல்லாம் பழக்கமில்லை. வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள், கடலையும் கப்பலையும் உயரத்திலிருந்து பார்த்துப் பழகியவள். புறப்படுகிற காலையில் பனி விலகாத ரோட்டில் காரை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள்.

"சித்தப்பா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். எங்கப்பா அந்தத் தெருவுல எறங்கக் கூடாது. உக்காந்தபடியே வீட்டுக்குப் போகணும்."

"அவன் என்ன சொல்றான்?"

"பாக்கலாங்கறாரு."

வேதமுத்து இடது பக்கத்து இருக்கையில், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மப்ளர், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற ஆளைப் போல உட்கார்ந்திருந்தான். வழியனுப்ப வந்த என்னைப் பார்த்து, "யோவ் தோழரு, நீயும் வாய்யா, வழித்துணைக்கு ஆச்சு" என்றான். இரண்டு இருக்கையில் மூன்றாவது ஆள் எங்கே உட்காருவது என்று கேட்க வாய் திறந்தேன். அவன் கொஞ்சம் நகர்ந்தான், இடம் இருந்தது, உட்கார்ந்தேன்.

பர்லியாறு வளைவில் மங்குஸ்தான் கூடையோடு ஒரு பெண் கை நீட்டினாள். பஸ் நிற்காமல் போய்விட்டதாம்.

"ஏனுங்க, மேட்டுப்பாளையம் போகுமுங்களா?"

"ஏறுங்கக்கா," என்றாள் பொற்கொடி.

அந்தப் பெண் பெயர் நஞ்சம்மா. கூடையோடு ஏறினாள். இடம் இருந்தது. யாரும் நெருக்கிக்கொள்ளவில்லை, என் முழங்கால்கூட மடங்கவில்லை. கூடையை எனக்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மேட்டுப்பாளையம் வந்ததும் வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருதுங்க, கொஞ்ச தூரம் போயிட்டுத்தான் வாரனே" என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தாராபுரத்துக்கு முன்னால் ஒரு நாதசுர கோஷ்டியின் வேன் அச்சு முறிந்து ஓரத்தில் கிடந்தது. கல்யாணம் காத்திருக்கிறது என்றார்கள். நாதசுரக்காரர் ஏறினார், தவில்காரர் தவிலோடு ஏறினார், தாளக்காரர் ஏறினார், சுருதிப்பெட்டிக்காரர் ஏறினார், அவர்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த சமையல்காரர் அண்டாவோடு ஏறினார், இடம் இருந்தது. பொற்கொடி கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கியரை மாற்றினாள். மூக்கு நீண்ட அந்த வண்டி புளியமரங்களுக்கு நடுவே பாம்பு போவதுபோல் போயிற்று, ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை, இறக்கத்தில் திமிறவில்லை, ஏறியவர்களின் கனம் அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? எங்கள் ஜனங்கள் டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் ஒரு கால் வைக்கும் இடத்தில் கல்லூரிக்குப் போனவர்கள், ஷேர் ஆட்டோவில் டிரைவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து மில்லுக்குப் போனவர்கள், லாரியில் நெல் மூட்டைமேல் படுத்துக் குலதெய்வத்துக்கு மொட்டை போடப் போனவர்கள். இரண்டு பேர் இடத்தில் ஒரு ஊரே உட்காருவது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஒரு ஊர் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பற்றித்தான் நான் வாழ்நாளெல்லாம் துண்டறிக்கை போட்டேன், அதற்கும் யாரும் வாயைப் பிளக்கவில்லை.

ஒட்டன்சத்திரம் சந்தையில் வண்டி வேகம் குறைந்தபோது பாதிச் சந்தை ஏறியது. முருங்கைக்காய்க் கட்டுகள் ஏறின. ஒரு வெள்ளாடு ஏறியது, அதைப் பிடித்துக்கொண்டு அதன் சொந்தக்காரி ஏறினாள். வெளியே நின்றபடியே உள்ளே துண்டை வீசிப்போட்டு இடம் பிடித்தார்கள். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரனுக்கு என்பது நம் நாட்டில் எழுதாத சட்டம், அரசியல் சட்டத்தைவிட உறுதியானது. அந்தச் சட்டத்தின் பேரில் ஒரு சண்டையும் வந்தது.

"யோவ், அது என் துண்டு!"

"துண்டு இருக்குய்யா, ஆளு இல்லையே. துண்டா ஊருக்குப் போகுது?"

"இம்புட்டு எடம் கெடக்கு, அங்கிட்டு உக்காரேன்."

"எனக்கு ஜன்னலோரந்தான் வேணும்."

அந்தக் காரில் ஜன்னலே கிடையாது. ஆனாலும் ஜன்னலோரத்துக்காக அடித்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் சௌந்தரபாண்டி ஏறினார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஏறியவுடனே தெரிந்துபோயிற்று. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். "உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காத. யம்மா, ஆட்டை மடியில வையி. தவிலு, நீ அங்கிட்டு ஒதுங்கு. பொம்பளையாளு நிக்குது, நீ உக்காந்து பேப்பர் படிக்கியா?" நிற்பவர் யாரும் இல்லை, இருந்தாலும் அந்த ஆள் எழுந்து இடம் விட்டார். எவரிடமும் டிக்கெட் வாங்க வழியில்லை என்பது மட்டும் சௌந்தரபாண்டியை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

திண்டுக்கல்லில் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. ரோட்டோரத்தில் ஜனங்கள் நின்றார்கள், அதிசயம் பார்க்க அல்ல, ஏறுவதற்கு. இட்லிக்கடைக்காரர் ஒருவர் நின்றபடியே பொட்டலங்களை உள்ளே கொடுத்தார், அவை கைமாறிக் கைமாறி என் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை போயின. பின்னால் எங்கோ சீட்டாட்டம் ஆரம்பித்திருந்தது, யாரோ தூளி கட்டிப் பிள்ளையைத் தூங்கவைத்திருந்தார்கள், ஒரு சம்பந்தம்கூடப் பேசி முடித்ததாகச் சௌந்தரபாண்டி வந்து சொன்னார். எங்கே இறங்க வேண்டுமோ அங்கே யாரும் இறங்கவில்லை. நாதசுர கோஷ்டியிடம் கல்யாணம் என்னாயிற்று என்று கேட்டேன். "மாப்பிள்ளை வீட்டாரும் பொண்ணு வீட்டாரும் அந்தா பின்னாடி இருக்காங்க, சாயங்காலம் நலங்கு" என்றார் தவில்காரர்.

மதுரை ரிங் ரோட்டில் போக்குவரத்து ஏட்டு ஒருவர் கை காட்டி நிறுத்தினார். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார், எண்ணிக்கொண்டே பின்னால் போனார், வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தார், முகத்தில் வியர்வை.

"ஏம்மா, ரெண்டு பேர் வண்டியில எத்தனை பேரும்மா?"

"இடம் இருக்கு சார்," என்றாள் பொற்கொடி.

"அதான் நானும் பாத்தேன்."

"ஏட்டய்யாவுக்கு எந்தூரு?" என்று கேட்டார் சௌந்தரபாண்டி.

"காரியாபட்டி."

"டூட்டி முடிஞ்சிருச்சா?"

ஏட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், ஏறினார். காரியாபட்டி வந்தது, போயிற்று, அவரும் இறங்கவில்லை.

அருப்புக்கோட்டை தாண்டிக் கரிசல் தொடங்கியது. வெயில் சாய்ந்து, உடைமரங்களின் நிழல் ரோட்டில் நீண்டுகொண்டு போனது. ஏறுகிறவர்களுக்கு இடம் கொடுத்து இடம் கொடுத்து வேதமுத்து உள்ளே வெகுதூரம் தள்ளிப் போயிருந்தான். நான் எழுந்து அவனைத் தேடிப் போனேன். ஆட்டுக்காரிக்கும் அண்டாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். மப்ளரைக் கழற்றி மடித்து வைத்திருந்தான். வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தான். செருப்பு இரண்டும் கக்கத்தில் இருந்தன.

"ஊரு வருதுல்ல" என்றான்.

"வந்தா என்ன?"

"எறங்கணும்ல."

"உன் மகதான் வண்டி ஓட்டுறா. அவ கேட்டது அது ஒண்ணுதான்டா வேதமுத்து."

"எனக்குந் தெரியும்யா. மனசு உக்காரத்தான் சொல்லுது. காலு கேக்க மாட்டேங்குது, இங்க பாரு." அவன் தொடைகள் இரண்டும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன. "அந்த மந்தையக் கண்டா அதுவா எறங்கிரும்."

ஆட்டுக்காரி அவன் கக்கத்தைப் பார்த்து, "பெருசு, செருப்பை எதுக்குக் கழட்டி வச்சிருக்கீரு?" என்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள், அவர் அடுத்தவரிடம் சொன்னார், இட்லிப் பொட்டலம் போனதுபோலவே அந்தச் செய்தி கைமாறிக் கைமாறிக் கடைசிவரை போயிற்று. அதுவரை அவரவர் சாதியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறியவர்கள் போல இருந்தவர்கள், இப்போது தங்கள் முழங்கையை மெதுவாகப் பக்கத்து முழங்கையிலிருந்து எடுத்தார்கள். காலையிலிருந்து முதல் தடவையாக அந்தக் காரில் இடம் நெருக்கியது, என் தோள் அண்டாவில் இடித்தது.

"நமக்கெதுக்குங்க வம்பு" என்றது ஒரு குரல். "அந்த வேலிகிட்ட நிறுத்தச் சொல்லுங்க, நான் எறங்கிக்கிறேன்."

பொற்கொடி நிறுத்தினாள். முகத்தைச் சுளிக்கவில்லை. ஜன்னலோரம் கேட்டுச் சண்டை போட்டவர் முதலில் இறங்கினார், அவர் பின்னால் ஒரு நீண்ட வரிசை இறங்கியது, துண்டுகளை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்க்காமல். ஊர்வலம் மந்தையை நெருங்கும்போது ஆட்கள் கரைந்துபோவதை நான் பலமுறை பார்த்தவன், எனக்கு இது புதிதல்ல. ஆனால் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். ஏட்டு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணமகள் நலங்குக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "எனக்கு மேட்டுப்பாளையமுங்க," என்றாள் நஞ்சம்மா, "இங்க எறங்கி நான் என்ன பண்ணட்டும்?" நாதசுரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். இருந்தவர்களே ஒரு ஊர் அளவுக்கு இருந்தார்கள். வண்டி நகர்ந்தது, என் தோளை இடித்த அண்டா விலகியது.

மந்தையில் தனக்கோடியும் இன்னும் சிலரும் கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தனக்கோடி அந்தத் தெருவின் பெரிய வீட்டுக்காரர். இப்போதெல்லாம் அவர்கள் யாரையும் அடிப்பதில்லை, அதட்டுவதும் இல்லை. சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்பை எதிர்த்து மறியல் செய்ய முடியாது என்பதை அவர்கள் எங்களிடமிருந்தே கற்றுக்கொண்டார்கள்.

"அடடே, தொர காரு" என்று எழுந்து வந்தார். உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்தார், பார்த்து அதிசயப்படவில்லை, அவருக்கு வேண்டியது ஒரே ஆள். "வேதமுத்து உள்ள இருக்கானா? வரச் சொல்லுத்தா. வழக்கம் அவனுக்குத் தெரியும். நீ பொம்பளப்பிள்ள, உனக்குத் தெரியாது."

"அண்ணாச்சி, இங்க ஸ்டாப்பிங் கெடையாது" என்றார் சௌந்தரபாண்டி.

"நீ யாருய்யா?"

"கண்டக்டரு."

அப்போது உள்ளேயிருந்து வேதமுத்துவின் குரல் கேட்டது. "வழி விடுங்கய்யா, எறங்கணும்."

"எறங்குறவரு முன்னாடியே வாசலுக்கு வந்திருக்கணும்" என்று சௌந்தரபாண்டி பழக்க தோஷத்தில் சத்தம் போட்டார், பிறகு யாரென்று பார்த்துவிட்டு விசிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

பொற்கொடி என்ஜினை நிறுத்தவில்லை. நினைத்தால் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துத் தெருவைக் கடந்திருப்பாள், அவன் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் வீடு வந்திருக்கும். அவள் மிதிக்கவில்லை. ஒருவனைப் போலீஸ் பாதுகாப்பிலோ வண்டியிலோ இழுத்துக்கொண்டு போவதில் என்ன மிஞ்சும் என்பது எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்குத் தெரிந்திருந்தது. திரும்பிப் பார்க்காமலே, "உங்க இஷ்டம்ப்பா, நிறுத்தியிருக்கேன்" என்றாள்.

வேதமுத்து வந்தான். இரண்டு பேர் உட்காருகிற அந்தக் காருக்குள் அவன் நடந்து வந்த தூரம் அந்தப் பெரிய தெருவைவிட நீளம் என்றுதான் சொல்ல வேண்டும். கால்களை மடக்கி வழி விட்டார்கள். சீட்டாட்டக்காரர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்து வழி விட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் தூக்கிக்கொண்டு வழி விட்டார்கள், தூளியை ஒரு கை ஒதுக்கிப் பிடித்தது, ஏட்டு எழுந்து நின்றார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமலே எழுந்து நின்றார். யாரும் அவனைத் தடுக்கவில்லை, போகாதே என்று சொல்லவில்லை, தடுமாறியபோது மட்டும் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு கை நீண்டு அவன் முழங்கையைப் பிடித்து அடுத்த வரிசையிடம் கொடுத்தது. "பாத்து எறங்குங்கண்ணா, பள்ளமுங்க" என்றாள் நஞ்சம்மா.

வாசலுக்கு வந்தான். ஒரு காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்தான், தாழ்வான வண்டி, கால் தரைக்கு எட்டியது. தனக்கோடி சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார், அவன் பின்பக்கம் போவதற்கு வழிவிட்டு. வேதமுத்து கக்கத்திலிருந்த செருப்பை எடுத்துத் தரையில் போட்டான். குனிந்து, வாரை இழுத்து, இரண்டையும் மாட்டினான். எழுந்தான். பின்பக்கம் திரும்பவில்லை. முன்பக்கமாக, அந்த நீண்ட சிவப்பு மூக்கின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்து, தன் மகளுக்குப் பக்கத்தில் நின்றான்.

"நகரும்மா" என்றான். "இதுல ரெண்டாவது கியரு கொஞ்சம் முரண்டு பண்ணும். உனக்கு அதோட போக்குத் தெரியாது."

அவள் நகர்ந்தாள். அவன் உட்கார்ந்தான். தொடை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, கிளட்ச்சை மிதித்தவுடன் நின்றது, அதற்கு அங்கே வேலை இருந்தது.

"ஏலே வேதமுத்து" என்றார் தனக்கோடி. சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் இருந்தது, எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"வழியில நிக்காதீக" என்றான் வேதமுத்து, மரியாதையாகத்தான் சொன்னான், ஓட்டுநர் யாரிடமும் சொல்வதுபோல.

கார் பெரிய தெருவுக்குள் நுழைந்தது. வேகமாகப் போகவில்லை. அவன் அதை அத்தனை மெதுவாக, அத்தனை சீராக ஓட்டினான், இரண்டாவது கியர் முரண்டு பண்ணவே இல்லை. நிலைப்படிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவர் கல்லை எடுத்தார், கார் கடந்து முடியும்வரை கையிலேயே வைத்திருந்தார். ஒரு பெண் மாடியிலிருந்து, "இன்னும் எடம் இருக்கா?" என்று கேட்டாள், உள்ளேயிருந்து யாரோ அவளைப் பிடித்து இழுத்தார்கள். நாதசுரக்காரர் வாசிக்கவில்லை. யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. என்ஜின் சத்தம் ஒன்றே போதுமானதாக இருந்தது. நான் மேடையேறிப் பார்த்த எத்தனையோ தலைவர்களைவிட, ஸ்டியரிங்கில் சாதாரணமாகக் கிடந்த அந்த இரண்டு காய்த்த கைகள் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன, அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமில்லை.

தெரு முடிந்தது. காலனியில் சனமெல்லாம் வெளியே வந்து நின்றது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்போதுதான் தெருவைக் கடந்து வந்திருந்தவர்கள் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றார்கள். பொற்கொடி பிறந்த வீட்டின் முன்னால் கார் நின்றது. வேதமுத்து கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவும் இல்லை, என்ஜினை நிறுத்தவும் இல்லை.

"அப்பா, வீடு வந்திருச்சு" என்றாள் பொற்கொடி.

"தெரியுதும்மா" என்றான். "கதவத் தெற, இவங்களும் ஏறட்டும்." காலனி ஏறிமுடியும்வரை காத்திருந்து, பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, கியரைப் போட்டு, வந்த தெருவைப் பார்க்க வண்டியைத் திருப்பினான்.